நாற்காலியின் இடது பின்கால்

என் வேலை அதுதான்:
நாற்காலியின் இடது பின்கால்.
வலதைத் தெமிர்கான் பிடிப்பான்.
முன்கால்கள் இரண்டும் மருத்துவக் குழுவுக்கு.
வானத்திலிருந்து வருகிறவர்களை
கலத்தின் வாயிலிருந்து கூடாரம் வரை
அறுபது தப்படி சுமப்போம்.

நாலு பேர் தூக்கிப் போவதற்கு
எல்லா ஊரிலும் ஒரே பொருள்தான்.
இங்கே மட்டும்
தூக்கப்படுகிறவர் கையசைக்கிறார்.

ஜெஸ்கஸ்கனுக்குத் தென்கிழக்கே
நட்டுவைத்த கம்புகூட இல்லாத புல்வெளி.
விடியுமுன் வந்து நிற்கிறோம்.
பூட்ஸின் தையல் வழியே புகுந்து
குளிர் விரல்களை எண்ணுகிறது.
எல்லோரும் அண்ணாந்திருக்க
நான் தரையைப் பார்க்கிறேன்.
அணில் வளைகள்.
ஒன்றில் என் கால் இறங்கினால் போதும்,
நூற்றெழுபது நாள் பத்திரமாய்ப் பறந்தவள்
என் கையால் விழுவாள்.

முதலில் ஒரு பொட்டு.
பிறகு வெள்ளையும் ஆரஞ்சுமாய்க் குடை.
தரைக்கு ஒரு முழம் மேலே
நெருப்பு ஒரே ஒரு தும்மல்.
புழுதி.
விழுந்த குடை காற்றைக் குடித்துக் கலத்தை இழுத்தது,
கயிறு மாட்டிய அன்றைக்குக் குதிரை இழுப்பதுபோல்.
அதை அடக்கத்தான் ஆள் வேண்டியிருந்தது,
வரவேற்பெல்லாம் அப்புறம்.

மிசுஹோ என்று பெயர்.
உருவி எடுத்து உட்காரவைத்தார்கள்.
உடை, நாற்காலி, அவள், எல்லாம் சேர்த்து
என் பங்குக்கு இருபத்திரண்டு கிலோ இருக்கும்.
மீதியை அவளே சுமந்தாள்.
கன்னம் கனத்தது. இமை கனத்தது.
பேச வாயெடுத்தபோது
நாக்கும் கனக்கிறது என்று கண்டுகொண்டாள்.

நாளைக்குப் பதினாறு விடியல் பார்த்தவளாம்.
எங்களிடம் இருந்தது ஒன்று,
அதுவும் மேகமூட்டம்.

"இது என்ன வாசனை?"
ரஷ்ய மொழியில், ஒவ்வொரு சொல்லாய் இறக்கிவைத்தாள்.
டிரக் சக்கரத்தில் நசுங்கிய காட்டு மரிக்கொழுந்து.
ஜூசான் என்போம், ஆடுகூடக் கடிக்காது என்றேன்.
இன்னும் கொஞ்சம் நசுக்கச் சொன்னாள்.
மிதித்தேன்.
இப்படி ஒரு வேலையும் என் ஒப்பந்தத்தில் இல்லை.

தேநீர் கொடுத்தார்கள்.
இரண்டு மிடறு குடித்தாள்.
முகத்தில் விழுந்த முடியை ஒதுக்க
கோப்பையைக் காற்றில் வைத்தாள்.
அலமாரியில் வைப்பதுபோல,
அது அங்கேயே இருக்கும் என்ற நிச்சயத்தோடு.

என் பூட்ஸ் நனைந்தது.
புகைப்படக்காரன் சிரித்தான்.
டாக்டர் ஏதோ குறித்துக்கொண்டார்.
அவள் மட்டும் வெகுநேரம்
புல்லில் கிடந்த கோப்பையைப் பார்த்திருந்தாள்.
"நிற்குமென்று நினைத்தேன்," என்றாள்,
வீட்டு வாசலில்
சாவியைத் தொலைத்தவள் குரலில்.

திரும்பும் வழியில் இருட்டத் தொடங்கியது.
மேற்கிலிருந்து கிளம்பித் தலைக்குமேல்
அந்த நிலையம் போயிற்று, அவசரமில்லாமல்.
மூன்று பேர் குறைந்த வெளிச்சம்;
பார்க்க அப்படியேதான் இருந்தது.
தெமிர்கான் ஹார்ன் அடித்தான்.
எதற்கடா என்றேன்.
சும்மா, என்றான்.

வீட்டில் அக்மரல் முதலில் கேட்டது
குடைத்துணி ஒரு முழமாவது கிடைத்ததா என்று.
இல்லை. மடித்து எடுத்துப் போய்விட்டார்கள்.
பக்கத்து வீட்டில் ஐந்து வருடமாய்
காருக்குப் போர்த்தியிருக்கிறார்களே, அது எப்படி?
பதில் இல்லை என்னிடம்.

இன்கார் சாப்பிட உட்கார்ந்திருந்தாள். பதினொரு மாதம்.
கரண்டியைக் கீழே போட்டாள்.
எடுத்துக் கொடுத்தேன்.
போட்டாள்.
எடுத்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.
செல்லம் கொடுக்காதே என்றாள் அக்மரல்,
நாள் முழுக்க இதே வேலை, வேண்டுமென்றே செய்கிறாள்.

இல்லை, என்றேன்.
சரிபார்க்கிறாள்.

ஏழாவது தடவை கையை நீட்டி
காற்றில் விரல்களை மெல்ல விரித்தாள்.
கரண்டி விழுந்த இடத்தைப் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்தாள்.